முதல் சுத்து

மூணு புள்ளி ஆடிக்கிட்டே இருக்குது. சைக்கிள் கம்பெனிப் பக்கம் யாரோ டைப் பண்றாங்கன்னு அர்த்தமாம். யாரோ, இல்லை எதுவோ, மிஷினாக்கூட இருக்கலாம், "வணக்கம் சாந்தாமணி, உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு இங்கிலீஷ்ல ஒரு வரியைப் போட்டுட்டுப் போனது போனதுதான். வருந்தறாங்களாம். சமையல் மேடை மேல போனைச் சாச்சு வெச்சுட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன், கண்ணுல தண்ணி வந்தா பழியை வெங்காயத்து மேல போட்டுக்கலாம். ஹால்ல இவரு பேப்பரை மடக்கற சத்தம். "எழுதிட்டியா? பொட்டியிலயே ஒடஞ்சு வந்துச்சுன்னு எழுது, அவ்வளவுதான், வேற வியாக்கியானமெல்லாம் வேண்டாம்." எழுதறனுங்கன்னு வாய் சொல்லுது. வாய்க்கு அது பழக்கம், நான் உள்ள இருக்கணும்னுகூட இல்லை, அதுபாட்டுக்குச் சொல்லிக்கும். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல செவுத்துல சாஞ்சு நிக்குது என் சைக்கிள். நேத்து மத்தியானம் வந்துச்சு. ரோடு பைக்குன்னுதான் அதுக்குப் பேரு, இவரு அதுக்கே சிரிச்சாரு, "பைக்குன்னியே, எஞ்சினைக் காணோம்." ஹேண்டில் பார்ல சுத்தியிருக்கற வெள்ளை நாடாவுல சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்குது, அது நடுவுல குங்குமம். சீட்டுக்குக் கீழ, சீட்டைத் தாங்கற கம்பி ஃபிரேமுக்குள்ள எறங்கற எடத்துல, விரல் நீளத்துக்கு ஒரு கோடு. பெயின்ட் கீறல்ங்கறாரு இவரு. நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டுது. பெயின்ட் கீறல்ல நகம் மாட்டுமா? நேத்துலருந்து எத்தனையோ தடவை இழுத்துப் பாத்தாச்சு, ஒவ்வொரு தடவையும் மாட்டாம வழுக்கிக்கிட்டுப் போயிராதான்னுதான் போறேன், ஒவ்வொரு தடவையும் மாட்டுது. வந்த சைக்கிள்ல நான் இன்னும் ஒரு தடவைகூட ஏறலை.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இந்நேரம் அவங்கெல்லாம் பாலக்காட்டு ரோட்டைப் புடிச்சிருப்பாங்க. அவங்கன்னா பல் டாக்டர் பானுரேகாவும் அந்தம்மாகூட சைக்கிள் ஓட்டற பொம்பளைங்களும். இந்த வாரம் நானும் வர்றேன்னு சொல்லியிருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு வேர் வரைக்கும் தோண்டறதுக்கு வாயைப் பொளந்துக்கிட்டு அந்த நாற்காலியில மல்லாந்து கெடந்தப்போதான் டாக்டரம்மா கதையை ஆரம்பிச்சாங்க, விடியறதுக்குள்ள கெளம்பறதும், மதுக்கரை தாண்டினா மலை பக்கத்துல வந்து நிக்கறதும், திரும்பறப்ப ஒரு கடையில இட்லி திங்கறதும். வாய்க்குள்ள பஞ்சும் கம்பியும், நானும் வரட்டுங்களான்னு எப்படிக் கேக்கறது, ஆ ஆன்னுதான் வந்துச்சு. அது அவங்களுக்கு எப்படியோ புரிஞ்சுபோச்சு. "வாங்கக்கா, எங்ககூட அறுபது வயசுக்காரங்களே வர்றாங்க. சைக்கிள் மட்டும் ஒங்க அளவுக்குப் பாத்து எடுங்க, அதுதான் முக்கியம். அடுத்தவங்க அளவு சைக்கிள்ல ஏறுனீங்கன்னா முதுகு போயிரும்." அடுத்தவங்க அளவு. நாற்காலியில படுத்துக்கிட்டே சிரிப்பு வந்துச்சு எனக்கு. நான் ஓட்டுனதெல்லாம் அடுத்தவங்க அளவுதான் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்துக்கு அண்ணனோடது, அண்ணன் வேலைக்குப் போனதும் அதுவும் போச்சு. கல்யாணத்துக்கப்புறம் கம்பெனி பஸ்ஸு. பம்பு கம்பெனியில பில்லு போடற வேலை எனக்கு, காலையில பஸ்ஸுல ஏறினா ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சுட்டா அடுத்த ஸ்டாப்புல தூக்கம். ஒரு நாள் அந்த ஜன்னல் வழியா ஒருத்தி போனா, என் வயசுதான் இருக்கும், நரைச்ச முடியைக் கொண்டை போட்டு அதுமேல ஹெல்மெட்டு, பஸ் சிக்னல்ல நிக்குது, அவ பஸ்ஸைத் தாண்டிப் போறா. பஸ்ஸைத் தாண்டி. அன்னிக்குப் பூரா பில்லுல தப்பு. பயம் இல்லாம இல்லை. முட்டி தாங்குமா, அந்த இறுக்கமான டவுசரை மாட்டிக்கிட்டு நம்ம தெருவுல எப்படி நடக்கறது, எதிர்வீட்டு மாடியிலிருந்து அந்த மனுசன் பல்லு வெளக்கிக்கிட்டே பாப்பானே. இருந்தாலும் பாக்கட்டும்னு ஒரு ரோசம் வந்துச்சே, அது எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை.

கடைக்குப் போகாம இல்லை. போனேன். இவரையும் கூட்டிக்கிட்டுப் போனேன், அங்கதான் தப்பு பண்ணேன். கடைக்காரரு இவரு மூஞ்சியைப் பாத்தே பேசறாரு. "பேத்திக்குங்களா சார்?" எனக்குங்கன்னு நான் சொன்னா, அதுக்கும் இவரைப் பாத்தே பதில், "மேடத்துக்குன்னா கூடை வெச்சது இருக்குதுங்க சார், காய்கறி வாங்கப் போலாம்." இவரு தொடையைத் தட்டிச் சிரிக்கறாரு. அப்புறம்தான் இந்தப் பெங்களூர்க் கம்பெனி. கடையே கெடையாது, போன்ல பாத்துச் சொல்லிட்டா பேக்டரியிலிருந்து நேரா வீட்டுக்கு வந்துரும். முன்னபின்ன தொட்டுப் பாக்காத சாமானை எப்படி வாங்கறதுன்னு கேட்டா, அது நம்மளைக் கேக்குது. உங்கள் உயரம் என்ன? கால் நீளம்? கை நீளம்? குனிந்து ஓட்ட விருப்பமா, நிமிர்ந்து ஓட்ட விருப்பமா? முதுகு வலி உண்டா? பாருங்க கதையை, முதுகு வலி உண்டான்னு ஒரு போன் கேக்குது. ஆமாம்னு தட்டினேன், எந்த எடத்துலன்னு கேட்டுச்சு. கல்யாணமாகி வந்ததுலருந்து யாரும் என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உயரம் ஒண்ணுதான் கேட்டாங்க, அதையும் எங்கப்பாகிட்டத்தான் கேட்டாங்க. நான் அந்தக் கம்பெனிகிட்ட மயங்கினது விலைக்கில்லை, படத்துக்குமில்லை, அந்தக் கேள்விக்குத்தான். கால் அளவு எடுக்கறதுதான் கூத்து. வெறுங்காலோட செவுத்துல முதுகை ஒட்டி நிக்கணும், ஒரு கெட்டி அட்டைப் புஸ்தகத்தைத் தொடை நடுவுல வெச்சு, சீட்டுல உக்காந்தாப்பல மேல இறுக்கணும், புஸ்தகத்தோட முதுகு செவுத்துல படற எடத்துல கோடு போடணும். குளிக்கற ரூம்ல தாப்பாப் போட்டுட்டு சமையல் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறேன். வெளியிலிருந்து இவரு தட்டறாரு. "உள்ள என்ன பண்ற இத்தனை நேரம்?" வர்றனுங்க. பென்சில் கோடு போட்டு, டேப்பைப் புடிச்சு, நம்பிக்கையில்லாம மறுபடி நின்னு, மறுபடி கோடு. ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தப்புறம்தான் அனுப்பினேன். அனுப்பிட்டும் நிம்மதி இல்லை. கால் எட்டாம தொங்கற மாதிரி கனா, ரோட்டு நடுவுல, பின்னாடி லாரி. அந்த அளவு தப்பா இருந்தா நான் தப்பு, வேற யாரையும் சொல்ல முடியாது, அதுதான் பயம்.

அந்தக் கோடு இன்னும் குளிக்கற ரூம் செவுத்துல இருக்குது. மூணு புள்ளி இன்னும் ஆடுது. வெங்காயம் முடிஞ்சுபோச்சு, பூண்டை எடுத்துக்கறேன். நேத்துப் பொட்டியைப் பிரிச்சதிலிருந்து யோசிக்கணும், வரிசையா யோசிக்கணும், எங்க விட்டோம்னு தெரியணுமே. வாசல் வரைக்கும் தெரியற மாதிரி போனை டி.வி. மேல சாச்சு வெச்சேன், பிரிக்கறதை முழுசா வீடியோ எடுத்து வெச்சுக்கங்கன்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. இவரு பட்டறைக்குப் போயிருந்தாரு. பொட்டிக்குள்ள பாதிக்கு மேல பூட்டியே வந்துச்சு, ஹேண்டில் பாரு, முன் சக்கரம், பெடலு, சீட்டு, இவ்வளவுதான் நம்ம வேலை. கூடவே போல்ட்டு முடுக்க ஒரு சின்னச் சாவி. திருகிக்கிட்டே வந்தா போதுமானப்ப அதுவே 'கிளிக்'குன்னு சொல்லும், அதோட விட்டரணும். ஒவ்வொரு கிளிக்குக்கும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். கடைசி போல்ட்டுல இருக்கறப்ப இவரு வந்துட்டாரு. "கிளிக்குன்னா விட்டரணுமா? எந்த மடையன் சொன்னான்?" லேத்துப் பட்டறை வெச்சிருக்கறவரு, ஊருல பாதி மோட்டாருக்கு ஷாஃப்ட்டு கடைஞ்சு குடுத்தவரு, அவருகிட்டப் போயி அந்தச் சாவியைக் காட்டினா பொம்மைங்கறாரு. தன்னோட எல்-கீயை, அந்த மடங்குன இரும்புச் சாவியை எடுத்து எல்லாத்துக்கும் இன்னொரு திருகு. இரும்பில்லீங்க, இது கார்பனுங்க, ரொம்ப இறுக்கினா விரிஞ்சுருமுங்கன்னு சொன்னேன். "கரியா? அதை அடுப்புலதான் போடணும்." அப்புறம் பூசை. சந்தனம், குங்குமம், சூடம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். அப்புறம்தான் இவரு என் கையிலிருந்து சைக்கிளைப் புடுங்கினாரு. புடுங்கித்தானே ஏறுனாரு? இவரு ஆறடி ஆளு, எனக்கு வெச்ச சீட்டு இவருக்குப் பத்தலை, கம்பியைத் தூக்கறாரு, தூக்கறாரு, இதுக்கு மேல தூக்காதேன்னு கம்பியில ஒரு கோடு போட்டிருக்கான், அந்தக் கோடு வெளிய வர்ற வரைக்கும் தூக்கிட்டாரு. எல்-கீயைப் போட்டு ஒரு முறுக்கு. ஏறினாரு, பழம் நசுங்குச்சு, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனாரு, வேகத்தடையில தூக்கிப் போட்டுச்சு, திரும்பி வந்து வாசல் கேட்டுக்கிட்ட எறங்கறப்ப 'டக்'குன்னு ஒரு சத்தம். முருங்கைக்காய் ஒடிக்கற மாதிரி. நான்தான் கேட்டேன், இவருக்குக் கேக்கலையாம். ஸ்கூட்டியும் இப்படித்தான், என் சம்பளத்துல என் பேருல வாங்கினது, வந்தன்னிக்கே எடுத்துக்கிட்டு மருதமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வந்தாரு, வர்றப்பவே கண்ணாடியில விரிசல். புடுங்கிக்கறது. எல்லாத்தையும் புடுங்கிக்கறது. கூரியர்காரன் கீழ போட்டிருப்பான்னாரு நேத்து. முதல்ல சும்மா சொன்னாரு, சாயங்காலத்துக்குள்ள அவரே நம்பிட்டாரு, தம்பிக்குப் போன் போட்டு கூரியர்காரங்க யோக்கியதையைப் பத்திப் பேசறாரு.

வந்துருச்சு பதில். "பிரித்தபோது எடுத்த வீடியோவை அனுப்ப முடியுமா? வெட்டாமல், முழுவதும்." பூண்டுக் கையைச் சேலையில தொடச்சுக்கிட்டு நிமுந்தா இவரு நிலைப்படியில நிக்கறாரு, காதைத் தீட்டி வெச்சிருந்திருப்பாரு. "என்ன கேக்கறான்?" வீடியோ கேக்கறாங்க. "முன்பாதியை மட்டும் வெட்டி அனுப்பு. பூசை புனஸ்காரமெல்லாம் அவனுக்கெதுக்கு." முன்பாதியில ஃபிரேம் நல்லா இருக்குதுங்களே. "அத்தனை கிட்டத்துலயா தெரியப்போகுது? வெளிச்சமே இல்லை அதுல." குரல் கொஞ்சம் எறங்குது. "இங்க பாரு சாந்தா, முப்பது வருசமா பட்டறை வெச்சிருக்கறவன் ஒரு சைக்கிள் போல்ட்டு பூட்டத் தெரியாம ஒடச்சுப்போட்டான்னு எவனோ பெங்களூர்க்காரன்கிட்ட நீ சொல்லணுமா? என் பேரு அதுல வரக்கூடாது." வராதுங்க, நீங்க போங்க. போயிட்டாரு. பேப்பர் சத்தம். நான் வீடியோவைத் தொறக்கறேன், எங்க வெட்டறதுன்னு பாக்கணுமே. என் முதுகு தெரியுது. எத்தனை அகலம். தரையில கால் ரெண்டையும் நீட்டி உக்காந்திருக்கேன், தலைமுடி அவுந்து கெடக்குது, என்னமோ முனகறேன், அட, பாடிக்கிட்டிருக்கேன், நான் பாடி எத்தனை நாளாச்சு. சக்கரத்தை மாட்டிட்டு கையால ஒரு தள்ளு தள்ளி அது சுத்தறதை வாயைத் திறந்துக்கிட்டுப் பாக்கறேன். அந்தப் பொம்பளையைப் பாக்கப் பொறாமையா இருக்குது. தள்ளறேன் விரலால, தாண்டு, தாண்டு, இவரு வர்றாரு, பொம்மைச் சாவிங்கறாரு, சூடம் எரியுது. இப்ப புடுங்குவாரு. புடுங்கலை. வாசல்கிட்டக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. பட்டறைக்குத் திரும்பப் போற ஆளு மாதிரி ஒரு காலைச் செருப்புக்குள்ளகூட விட்டுட்டாரு. நான்தான் சைக்கிளை உருட்டிக்கிட்டு அவருகிட்டப் போறேன். "ஏனுங்க, நீங்க மொதல்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க. ஒங்க கால் பட்டாத்தான் வெளங்கும்."

இது யாரு பேசறது? திருப்பிப் போடறேன். ஒங்க கால் பட்டாத்தான் வெளங்கும். என் மாமியா குரலு. அவங்க செத்து எத்தனையோ வருசமாச்சு, என் தொண்டையில உக்காந்துக்கிட்டு அப்படியே அந்த இழுவையோட பேசறாங்க. மிக்சி வந்தா அவன் சுவிட்ச்சைப் போடட்டும், ஸ்கூட்டி வந்தா அவன் ஒரு சுத்து போகட்டும், அவன் கை ராசி, அவன் கால் ராசிம்பாங்க. அப்ப ஸ்கூட்டியும் நானாத்தான் குடுத்தேனா? இல்லை, அது புடுங்கினதுதான். இல்லையா? எனக்கு இப்ப எதுவும் நிச்சயமாத் தெரியலை. வீடியோ ஓடுது. "எனக்கு ஒசரம் பத்தாதே, விடு"ன்னு சொல்றாரு இவரு. விடுன்னு சொல்றாரு மனுசன். நான் விடலை. "சீட்டைத் தூக்கிக்கங்க, ஒரு சுத்துதானே"ன்னு எல்-கீயைத் தேடிக் குனிஞ்சு எடுத்து அவரு கையில குடுக்கறேன். கிளிக்குன்னு சொல்ற சாவி பக்கத்துலயே கெடக்குது, அதைத் தாண்டிக் கையை நீட்டி அவரோடதை எடுத்துக் குடுக்கறேன். அவரு ஏறினதும் கை தட்டறேன். சின்னப் புள்ளையாட்டம் பட்டு பட்டுன்னு தட்டறேன், வளையல் சத்தம் அத்தனை தெளிவாக் கேக்குது. பாவி. அடி பாவி. நேத்துலருந்து இவரை மனசுக்குள்ள வெச்சு வறுத்து எடுத்தனே, ஒரு ராத்திரி பூரா முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்தனே. வெட்டிரலாம். வெட்டிட்டா இவரு பேரும் வராது, என் குரலும் வராது, கூரியர்காரன் தலையில போட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் நல்லவங்களா இருக்கலாம். யாரோ பேரு தெரியாத ஒருத்தன், காலையிலிருந்து மாடிப்படி மாடிப்படியாப் பொட்டி தூக்கறவன், நேத்து என்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு மெதுவாத்தான் எறக்கி வெச்சான். கத்தரிக்கோல் படத்து மேல விரல் நிக்குது. விரலை எடுத்துட்டேன். முழுசையும் அனுப்பறேன். நீலக் கோடு ஊந்து ஊந்து போய்ச் சேருது.

மூணு புள்ளி. அப்புறம்: "வீடியோவில் ஓட்டுபவர் நீங்களா?" இல்லை, என் கணவர், நான்தான் ஏறச் சொன்னேன்னு தட்டறேன். என் இங்கிலீஷ்ல அது இன்னும் முட்டாள்தனமா இருக்குது. "நன்றி. நீங்கள் இதுவரை எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறீர்கள்?" எவ்வளவு தூரம். அது வழக்கமாக் கேக்கற கேள்விதான், எல்லாரையும் கேப்பாங்க. இருந்தும் விரல் எழுந்திரிக்க மாட்டேங்குது. இன்னும் ஏறவே இல்லைன்னு எழுதி அனுப்பறேன். இந்தத் தடவை புள்ளி ரொம்ப நேரம் ஆடலை, பதில் தயாராவே இருந்திருக்கும் போல. கோட்டுக்கு மேல் சீட்டைத் தூக்கி ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாதாம், மாத்தித் தர முடியாதாம், பாதுகாப்புக் கருதி அதில் யாரும் ஓட்ட வேண்டாமாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வேண்டாங்க. எத்தனை நட்சத்திரம் தருவீங்கன்னு கேக்குது, அஞ்சும் குடுத்துட்டேன், கேள்வி கேட்டதுக்கு.

"அனுப்பிட்டியா?" அனுப்பிட்டனுங்க. "வெட்டித்தானே?" முழுசா. பேப்பர் சத்தம் நின்னுபோச்சு. "முழுசான்னா? பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு? நான் அத்தனை சொல்லியும்..." நீங்க புடுங்கலீங்க, நானாத்தான் குடுத்தேன், அதுவும் அதுல இருக்குது, எல்லாம் போயிருச்சு. என்ன உளர்றேன்னு கேக்கறாரு, கம்பெனிக்காரன் என்ன சொன்னான்னு கேக்கறாரு, கேட்டுக்கிட்டே இருக்கட்டும். பூண்டு நாத்தக் கையோட செருப்பு ஸ்டாண்டுக்கிட்டப் போறேன். இவரு முறுக்கினதை இவரு எல்-கீயாலதான் கழட்ட முடியுது, ரெண்டு கையும் போட்டு மூச்சைப் புடிச்சுக் கழட்டறேன். கம்பியை எறக்கறேன். குளிக்கற ரூம் கோட்டு அளவுக்கு எவ்வளவு வரணும்னு எனக்கு மனப்பாடம், டேப்பே வேண்டாம். பொம்மைச் சாவியைப் போட்டுக் கிளிக்குன்ன ஒடனே விட்டரறேன். சேலையை முட்டி வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டு, செவுத்துல ஒரு கையை ஊனி, காலைத் தூக்கிப் போட்டு ஏறி உக்கார்றேன். பெடல் அடியில போறப்ப முட்டி லேசா மடங்கியிருந்தா அதுதான் சரியான அளவுன்னு கம்பெனி எழுதியிருந்துச்சு. லேசா மடங்கியிருக்குது. கை நீட்டினா கைப்பிடி அங்கதான் இருக்குது, முதுகு எங்கயும் இழுக்கலை. சீட்டுக்குக் கீழ நகம் மாட்டுன அந்தக் கோடு மெதுவா ஒரு சத்தம் போடுது. "ஏய் சாந்தா, எறங்கு, ஒடஞ்சிரப் போகுது!" இவரு பேப்பரைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடி வர்றாரு. எறங்கலை. பெடலைப் பின்பக்கமா மிதிக்கறேன், சக்கரம் நகராம அது மட்டும் ஒரு சுத்து சுத்தி வருது. அளவு சரியாத்தான் எடுத்திருக்கேன்.